அத்தா மொண்ட தண்ணீர்

எனக்கு மாப்பிள்ளை தேடி எங்கள் வீட்டில் யாரும் அலையவில்லை. நானே பார்த்து வைத்துவிட்டேன். அலைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் ஆற்றில் விழும் ஒரு குழாயால்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஆத்துப்பாலம் விலக்கு என்று ஒரு நிறுத்தம். டவுன் பஸ் கட்டாயம் நிற்கும். மற்ற பஸ்கள் கண்டக்டருக்கு அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து நிற்கும். பாலத்தை ஒட்டிய டீக்கடை என் அத்தா, அதாவது அப்பா, சேக் முகைதீனுடையது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டினால் ஆறு. ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மலையில் மழை பெய்தால் தை மாதம் வரைக்கும் ஓடும். மற்ற நாளில் அதில் கிரிக்கெட் ஆடலாம். அப்படித்தான் இருந்தது, செண்பகச்சோலை நகர் வரும்வரை.

செண்பகச்சோலை நகர் என்பது ஆற்றின் மேல்பக்கம் வந்த பெரிய குடியிருப்பு. அடுக்கு அடுக்காக வீடுகள், நடுவில் நீச்சல் குளம், வாசலில் யானை பொம்மை. அத்தனை வீட்டுக் கழிவுநீரையும் ஓரிடத்தில் சேர்த்து, சுத்திகரித்து, குழாய் வழியாக ஆற்றில் விடுகிறார்கள். குழாய் விழும் இடம் எங்கள் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம். முதல் தடவை தண்ணீர் விழுந்த அன்றே அத்தா கிணற்றின் மேல் பலகை போட்டு ஆணி அடித்துவிட்டார். "இனி இது நஜீசு, அசுத்தம். தொழுகைக்கு ஒளு செய்யக்கூட ஆகாது" என்று அறிவித்தார். அன்றிலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் கேன் தண்ணீர்தான். கேன் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்துவிட்டு முகம் சுளித்த முதல் ஆள் அத்தாதான். வேறு யாராவது சுளித்தால் அந்தக் குடியிருப்பைத் திட்டுவார்.

அந்தக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்டாக இருப்பவர்தான் முகமது ரியாஸ்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பில் போடுகிறேன். ரியாஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவார், நான் ஆத்துப்பாலத்தில் ஏறுவேன், அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிடுவார். ஒரே ஒரு ஸ்டாப் தூரம்தான் எங்கள் சகவாசம். அதற்குள் என்னத்தைப் பேச முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது, பஸ் ஊர்ந்துதான் போகும். அந்த கான்டிராக்டர் நன்றாக இருக்கட்டும்.

ரியாஸ் வீட்டிலிருந்து முறைப்படி பெண் கேட்டு வந்தார்கள். அம்மா நூர்பானுவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்தது, அவருடைய அம்மாவை இன்னும் பிடித்தது. அத்தாவும் சிரித்த முகமாக டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"தம்பிக்கு எங்க வேலை?"

"செண்பகச்சோலை நகர்ல, மாமா. கழிவுநீர் பிளான்ட்ல கெமிஸ்ட்."

ஆற்றின கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"அப்ப எங்க ஆத்துல சாக்கடைய விடுற ஆளு நீருதானா?"

"சாக்கடை இல்ல மாமா. சுத்தம் பண்ணித்தான் விடுறோம்."

"சுத்தம் பண்ணுனதுன்னா நீரு ஒரு டம்ளர் குடிப்பீரா?"

கதவுக்குப் பின்னால் நின்ற நான், 'குடிப்பேன்னு சொல்லித் தொலையுங்க' என்று மனசுக்குள் கத்தினேன். அந்த மனிதர் யோசித்து, நிதானமாக, "குடிக்கிறதுக்கு ஆகாது மாமா" என்றார். அவ்வளவுதான். வாங்கி வந்த பால்கோவா பெட்டியைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

இந்த இடத்தில் பாண்டிதுரை அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். குழாயை எதிர்த்து மனு கொடுக்கும் விஷயத்தில் அத்தாவும் அவரும் கூட்டாளிகள். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய மனுக்கள் போகாத ஆபீஸ் கிடையாது. எல்லா ஆபீசிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் கெட்டுப்போச்சு என்பதற்கு என்ன ஆதாரம்? அன்றைக்கு அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் களேபரத்தையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாய், வாயால சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? குழாய்க்கு மேல ஒரு பாட்டில், கீழ ஒரு பாட்டில் தண்ணி எடுத்து லேப்ல குடுப்போம். நமக்கு ஆதாரமும் ஆச்சு, தம்பிக்குத் தீர்ப்பும் ஆச்சு."

அத்தா பிடித்துக்கொண்டார். "சரி. கீழ உள்ள தண்ணி மேல உள்ளதவிட மோசமா இருந்தா இந்தச் சம்பந்தம் கிடையாது. இல்லைன்னு வந்திச்சின்னா மனுவையும் கிழிச்சிருதேன், கிணத்தையும் திறந்துருதேன், பொண்ணையும் தாரேன். ஆனா தண்ணிய நான்தான் எடுப்பேன்."

"நியாயம்தான் மாமா" என்று தலையாட்டிவிட்டுப் போனார் ரியாஸ்.

மறுநாள் பஸ்ஸில் பிடித்தேன். "ஜெயிச்சிருவீங்களா?"

"எப்படி ஜெயிக்க? மேல ஓடுறது மலைத் தண்ணி. நாங்க எம்புட்டு சுத்தம் பண்ணுனாலும் அம்புட்டு சுத்தம் வராது. அதோட காத்து அடிக்கிற மெஷின் ரெண்டுல ஒண்ணு ரிப்பேர். புது மெஷின் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சிட்டு, நிர்வாகம் அசைய மாட்டேங்குது."

"அப்ப எதுக்கு மண்டைய மண்டைய ஆட்டுனீங்க?"

"உங்க அத்தா கேட்டது நியாயம் ரிஸ்வானா. வேற எப்படி ஆட்ட?"

அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் ஏறின செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தா தண்ணீர் எடுக்கக் கிளம்பினார். அண்ணாச்சி சாட்சி, நான் ஐஸ்பெட்டி சுமக்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு தனியார் லேபில் இரண்டு பாட்டில் கொடுத்து, "சுத்தமான பாத்திரத்துல மோந்து ஊத்துங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அத்தாவுக்கு அதைக் கேட்டதும் ஒரே பெருமை. உலகத்திலேயே சுத்தமான பாத்திரம் எது என்று அவருக்குத் தெரியும். கடையில் பால் அளக்கிற போணி. அதில் யாரும் கை வைக்கக் கூடாது, டீ ஊற்றக் கூடாது, முக்கியமாகச் சோப்பு காட்டக் கூடாது. சோப்பு வாடை பாலில் ஏறினால் டீ கெட்டுவிடும் என்பது அத்தாவின் சட்டம். பால் அளந்ததும் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஒரு சுழற்று சுழற்றிக் கவிழ்த்துவிடுவார். போணி பளபளவென்று வெள்ளியாட்டம் இருக்கும்.

அன்றைக்கும் பால் அளந்து முடித்த கையோடு அதை எடுத்துக்கொண்டு வந்தார். குழாய்க்கு மேலே, ஆறு பாறைகளுக்கு நடுவில் தெளிவாக ஓடுகிற இடத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பிஸ்மி சொல்லி, போணியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினார். கண்ணாடியாக இருந்தது தண்ணீர். "பாரு, குடிச்சிரலாம் போல இருக்கு" என்றார்.

குழாய்க்குக் கீழே வந்ததும் போணியைத் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். "அந்த நஜீசுல என் போணி படாது" என்று சொல்லி, அதற்கென்றே வாங்கி வைத்திருந்த புது பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மொண்டார். மக்கை அங்கேயே தூர எறியப் போனவரை, ஆற்றில் குப்பை போடலாமா என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார்.

முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க நான் பில்லில் போட்ட தப்புகளைத் திருத்த எங்கள் மேனேஜருக்கு இன்னொரு வாரம் பிடித்தது.

சாயங்காலக் கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சிதான் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தார். ரியாஸையும் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"பாய், என்னமோ இடிக்குதே. அழுக்கு கீழ ஒம்பதுன்னு போட்டிருக்கான். மேல முப்பத்தெட்டு."

"மாத்திப் படிக்கீரு."

"நானா மாத்திப் படிக்கேன்? மேல தண்ணிதான் மோசமாம். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல."

அத்தா வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. ஜெயித்துவிட்டோம்! எப்படி என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அடுப்பங்கரையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அத்தா சொன்ன சொல் மாறுகிற ஆள் கிடையாது. எழுந்து, "அண்ணாச்சி, உம்ம தோப்புல கடப்பாரை இருந்தா எடுத்தாரும். கிணத்துப் பலகைய எடுத்துருவோம். நாளைக்கு விடியக்கால டீ நம்ம கிணத்துத் தண்ணியிலதான்" என்றார்.

ரியாஸ் அப்போதுதான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார். சிரித்த முகமாகத்தான் வாங்கினார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வற்றிப்போனது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். 'குடிக்கிறதுக்கு ஆகாது மாமா' என்று சொன்ன அதே முகம்.

"மாமா, செத்த நேரம் பொறுங்க. மேல தண்ணிய எதுல மோந்தீங்க?"

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கண்ணை உருட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு அத்தா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பால் போணியில. ஏன்?"

"இதுல அமோனியான்னு இன்னொரு கணக்கு இருக்கு. மேல தண்ணியில அது துளியும் இல்ல. சாக்கடை கலந்திருந்தா அது இல்லாம இருக்காது. சாக்கடையும் இல்லாம அழுக்கு மட்டும் இம்புட்டு எப்படி ஏறும்னு யோசிச்சேன். போணிய செத்த குடுங்க."

வாங்கி, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தார். "பால் வாடை அடிக்குது மாமா."

"பால் போணியில பால் வாடை அடிக்காம மல்லிப்பூ வாடையா அடிக்கும்?"

"அதான் விசயம். இந்த டெஸ்ட்டு என்னன்னா, தண்ணியில கிடக்கிற தீனியத் தின்னு முடிக்க கிருமிகளுக்கு எம்புட்டு காத்து செலவாகுதுன்னு பாக்கிறது. கிருமிக்குப் பால் பிரியாணி மாதிரி. ரெண்டு சொட்டு ஒட்டியிருந்தாப் போதும், முப்பத்தெட்டு என்ன, அதுக்கு மேலயும் காட்டும். கீழ புது மக்குல எடுத்தீங்க, அது சரியாக் காட்டுது. இந்த முடிவு செல்லாது. மறுபடி எடுக்கணும்."

"என் போணிய அழுக்குங்கீரா?" அத்தாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நான் சொன்னாக் கேட்டாத்தான? சோப்பு போடுங்க, சோப்பு போடுங்கன்னு தொண்டத்தண்ணி வத்திப்போச்சி!"

மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். இந்தத் தடவை போணியும் இல்லை, மக்கும் இல்லை. லேப் ஆளே வந்து பாட்டிலையே ஆற்றில் முக்கி எடுத்துப்போனார். கிருமிக் கணக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டது யார் தெரியுமா? ரியாஸ்தான். நான் அவரோடு பேசவில்லை. பஸ்ஸில் முன்பக்கம் போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒருநாள் மட்டும் பொறுக்க முடியாமல் போனில் கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்" என்றார்.

"என்மேல ஆசை இருந்தா இருந்திருப்பீங்க."

சொன்ன வேகத்தில் போனைக் கட்டிலில் வீசினேன். அழுதேன். நிஜமாகவே, தலையணை நனைகிற மாதிரி அழுதேன். அந்த ஒரு ஸ்டாப் தூரத்துக்காக எத்தனை நாள் முன்கூட்டியே வந்து வெயிலில் நின்றிருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எந்தக் குழப்பமும் இல்லை. மேலே தண்ணீர் நல்ல தண்ணீர். கீழே அழுக்கு அதைப்போலப் பல மடங்கு. கிருமிக் கணக்கைப் படிக்கும்போது அண்ணாச்சிக்கு எத்தனை சைபர் என்று எண்ண விரலை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தனை நாள் எந்த ஆபீசிலும் காட்ட முடியாத ஆதாரம் இப்போது கையில்.

"ஜெயிச்சிட்டோம் பாய்!" என்று பெஞ்சைத் தட்டினார் அண்ணாச்சி.

அத்தா சந்தோஷப்படவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ரியாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ரியாஸ் எழுந்து, "அப்ப நான் வாரேன் மாமா" என்றார். பேசின பேச்சுப்படி எல்லாம் முடிந்தது என்ற குரல் அது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இருமய்யா, ஒண்ணு கேக்கணும்" என்றார் அத்தா. "மொத ரிப்போர்ட்டு உமக்குத் தோதாத்தான வந்திச்சி? எனக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. சும்மா இருந்திருந்தா இந்நேரம் நிக்காஹ் தேதி குறிச்சிருப்போம். எதுக்கு நீரா வாயக் குடுத்துக் கெடுத்துக்கிட்டீரு?"

ரியாஸ் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க கடப்பாரை கேட்டீங்கல்ல மாமா. பலகைய எடுத்துட்டா மறுநாளே அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிப்பீங்க. நீங்க மட்டுமா? மாமி குடிப்பாக, கடைக்கு வாரவுக குடிப்பாக. ரிஸ்வானாவும் குடிப்பா. அந்த ஆத்துல என்ன விடுறோம்னு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் எப்படி மாமா பாத்துக்கிட்டு இருக்க?"

அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆசை இருந்தால் பேசாமல் இருந்திருப்பீர்கள் என்று அந்த மனிதரிடம் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் யோசித்தேன்.

அத்தா எழுந்து பாய்லர் பக்கம் போனார். டீ போட்டார். நுரை ததும்ப ஆற்றி, எடுத்துவந்து ரியாஸ் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடித்த பிறகு அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமினார்.

"திங்கக்கிழமை விருதுநகர்ல கலெக்டரு மனு வாங்குவாக. ரிப்போர்ட்ட வச்சி இந்தத் தடவை விடக்கூடாது பாய்."

"நானும் வாரேன்" என்றார் ரியாஸ். "மெஷின் ஒண்ணு ரிப்பேரா கிடக்கு, அதான் தண்ணி இம்புட்டு மோசமாப் போகுதுன்னு நானே கலெக்டர்கிட்ட நேர்ல சொல்லுதேன். மெஷினை மாத்துனா பாதி அழுக்கு குறைஞ்சிரும்."

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "அப்படிப் போடு! எதிரி முகாமுல இருந்தே ஒரு சாட்சி. பாய், தம்பிய முன்னால நிறுத்திருவோம். காலையில மொத பஸ்ஸு!"

"நீரு சும்மா இரும்வே!" அத்தா போட்ட சத்தத்தில் ரோட்டில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். "வாரானாம், சொல்லுதானாம்! இவன் போய் அங்க வாயத் தொறந்தான்னா, சாயங்காலமே வேலைய விட்டுத் தூக்கிருவான் அந்தச் செண்பகச்சோலைக்காரன். பொறவு வேலைவெட்டி இல்லாதவனுக்கா நான் என் பொண்ணக் கட்டிக்குடுக்க?"

அண்ணாச்சி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அம்மா, "அல்ஹம்துலில்லா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ரியாஸுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு விழித்தார்.

அத்தா அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "மனுவ நாங்க பாத்துக்கிடுதோம். ஒரு மாசத்துல உங்க நிர்வாகம் தானா மெஷின் வாங்கும், நான் வாங்க வைக்கேன். நீரு ஒழுங்கா வேலைக்குப் போம், மாப்பிள்ள."